எனக்கு மட்டும் எரிந்த பிள்ளையார்

நான் சந்தேகக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சொல்வது சுலபம். கடையில் பால் பெட்டியின் திகதியைப் பார்ப்பேன். பிறகு பின்னால் இருக்கிற பெட்டியை இழுத்து அதன் திகதியையும் பார்ப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டுக் கதவை ஒருமுறை தள்ளிப் பார்ப்பேன். படியிறங்கிப் போய், மனம் கேளாமல் திரும்பி வந்து இன்னொருமுறை தள்ளுவேன். இதற்காக என் மனுசன் எனக்கு வைத்த பெயர் பொலிஸ். கலியாணம் கட்டி ஜெர்மனிக்கு வந்த காலத்திலிருந்து கேட்டுக் கேட்டு அந்தப் பகிடி எனக்குப் பழகிவிட்டது. ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த அந்த இலையுதிர் காலத்தில் உண்மையாகவே பொலிஸ் வேலை பார்த்தேன். நான் சந்தேகப்பட்டது ஒரே ஓர் ஆளைத்தான், அது அவர்.

நாங்கள் இருப்பது ஹம் நகரத்தில். பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பாட்டைப் பார்க்கத் தொடங்கிய பிறகு நான் முதியோர் பராமரிப்புக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்து, படித்து முடித்து, ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, இறுக்கமான காலுறை போட்டுவிட்டு, மருந்து கொடுத்து, சீனி வருத்தக்காரருக்கு ஊசி போடுகிற வேலை. சோதனைக்காலம் முடிந்து வேலை நிரந்தரமானால்தான் அலுவலகக் கார் தருவார்கள். அதுவரைக்கும் சொந்தக் காரில் ஓடவேண்டும். சோதனைக்காலம் முடிகிற நத்தார்ப் பண்டிகை வரைக்கும் எங்களுடைய கார் தாக்குப்பிடித்தால் வேலை எனக்கு, தாக்குப்பிடிக்காவிட்டால் இல்லை.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கார், அதுவும் இருபது வயது தாண்டியது. காலையில் நான் அதை ஊருக்குள் ஓட்டுவேன். மத்தியானம் அவர் எடுத்துக்கொண்டு அவுட்டோபான் என்கிற நெடுஞ்சாலையில் ஏறிப் பாண் சுடுகிற தொழிற்சாலைக்குப் போவார். அவருக்கு எப்போதும் பின்னேர வேலை.

முதல்முறை கார் நின்றது ஒரு மழைக் காலையில், கால்வாய்ப் பக்கத்து வீடொன்றின் வாசலில். ஒரு கிழவருக்குக் காலுறை போட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். டிக், டிக், டிக் என்றது, பிறகு அதுவும் இல்லை. அடுத்த வீட்டில் ஒரு அம்மா ஊசி போடாமல் காலைச் சாப்பாட்டில் கை வைக்க முடியாமல் காத்திருப்பார். என் மனுசனுக்குப் போன் பண்ணினேன்.

"இஞ்சருங்கோ, கார் ஸ்டார்ட் வருகுதில்லை. என்ன செய்யிறது?"

"அதிலையே நில். ஒண்டையும் தொடாதை. வாறன்."

வந்தார். மழையில் சைக்கிளில், முதுகுப் பையில் பற்றரிக்குக் கறண்ட் கொடுத்து எழுப்புகிற சின்னப் பெட்டியோடு, தலையால் தண்ணீர் வடிய வந்தார். வயரைக் கொழுவி, தானே ஏறியிருந்து சாவியைத் திருப்பி, பெடலில் காலை அமர்த்தி ஒரு உறுமு உறுமவைத்தார். கார் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி ஓடியது.

"நீ லைற்றை நிப்பாட்டாமல் போயிருப்பாய்," என்றார்.

நான் லைற்றை நிற்பாட்டாமல் போவேனா? பாலின் திகதியை இரண்டு பெட்டியில் பார்க்கிறவள். காரைவிட்டு இறங்கிப் போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்து, வாசலில் மணி அடித்துவிட்டு இன்னொருமுறை திரும்பிப் பார்க்கிறவள். "நான் நிப்பாட்டினனான்," என்றேன். "சரி சரி, நீ நிப்பாட்டினனி," என்றார், குழந்தைக்குச் சொல்கிற குரலில். அந்தக் குரல்தான் எனக்குள் முதலில் குத்தியது.

இரண்டாம்முறை நின்றதும் ஒரு மழைக் காலையில்தான். அவர் பல் வைத்தியரிடம் நேரம் குறித்த டெர்மின் என்று போயிருந்தார், போன் எடுக்கவில்லை. வீதி உதவிக்கு அழைத்தேன். வந்தவர் காரை எழுப்பிவிட்டு, எஞ்சின் ஓட ஓடப் பற்றரியில் மீற்றரை வைத்துப் பார்த்தார். "உங்கள் லிஷ்ட்மஷீன் சார்ஜ் பண்ணவில்லை," என்றார். டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், டைனமோவுக்கு வெளிச்ச மெஷின் என்றுதான் பெயர். எஞ்சின் சுற்றும்போது அதுவும் சுற்றிக் கறண்ட் உண்டாக்கிப் பற்றரியை நிரப்பவேண்டும். அது நிரப்பாவிட்டால், லைற்றும் வைப்பரும் சூட்டுக்காற்றும் பற்றரியில் இருப்பதைத் தின்று தீர்த்துவிடும். மழைக் காலைகளில் மட்டும் கார் ஏன் நிற்கிறது என்பது எனக்கு அப்போது விளங்கியது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வந்தவரிடம் சொன்னேன். அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் திரும்பக் கீழே போய், காரைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணி, ஒரு உறுமு உறுமவைத்து, தன்னுடைய மீற்றரைப் பற்றரியில் வைத்தார். மேலே நின்ற என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"பார். பதினாலு வோல்ற்றுக்கு மேலை நிக்குது. இதைவிட என்னெண்டு சார்ஜ் பண்ணிறது? அந்தாள் உன்னைப் பேய்க்காட்டிப்போட்டுப் போயிட்டான்."

நானும் என் கண்ணால் பார்த்தேன். பதினாலுக்கு மேலேதான். காலையில் என் கண் முன்னால் அதே இடத்தில் பன்னிரண்டுகூட இல்லை. அதையும் என் கண்ணால்தான் பார்த்தேன். எனக்குச் சார்ஜ் பண்ணாத டைனமோ அவருக்குச் சார்ஜ் பண்ணுகிறது. அந்தக் காருக்குச் சாவி இரண்டு, ஆள் இரண்டு. மூன்றாவது ஆள் கிடையாது.

அவருக்கு இந்த வேலை பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. வேலை கிடைத்த செய்தியைச் சொன்ன அன்று, "இந்த வயசிலை போய் ஆரற்றையோ காலைக் கழுவவேணுமே? வீட்டிலை என்ன குறை?" என்றார். பிறகு, "உன்ரை விருப்பம்," என்றார். எங்கள் ஆட்கள் உன் விருப்பம் என்றால் அது விருப்பமில்லை என்றுதான் அர்த்தம். நான் வந்த புதிதில் டொச்சில் எனக்கு வணக்கம் சொல்வதைத் தவிர ஒன்றும் வராது. டொக்டரிடம் என் வயிற்று வலியை அவர்தான் சொல்லுவார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னைப் பார்த்துக் கேட்கிற கேள்விக்கு அவர்தான் பதில் சொல்லுவார். எந்த அன்றாக் படிவம் என்றாலும் அவர் நிரப்பி, எங்கே கையெழுத்து என்று விரலால் காட்டுவார். அவுஸ்பில்டுங் முடித்த பிறகு நான் அவரைவிட நன்றாகக் கதைத்தேன். ஒருநாள் போனில் காப்புறுதிக்காரியோடு நான் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது அவர் கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வைத்தவுடன், "பெரிய டொச்சுக்காரிதான்," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் என் பேச்சில் ஒரு பிழையையும் பிடிக்க முடியவில்லையே என்கிற முகத்தோடு சிரித்தார்.

ஆகவே நான் காவல் காக்கத் தொடங்கினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்பார்களே, அப்படி. அவர் குப்பை கொட்டப் போனால் யன்னலால் பார்ப்பேன், நேரே தொட்டிக்குப் போகிறாரா, கார் பக்கம் திரும்புகிறாரா என்று. அவருடைய கையை மணந்து பார்ப்பேன், எண்ணெய் நாற்றம் இருக்கிறதா என்று. பாண் நாற்றம்தான் இருக்கும். கடைசியில் ஒரு வேலை செய்தேன். ஒட்டுப் பொட்டு ஒன்றை எடுத்து, காரின் முன் மூடி கீழே வந்து சேருகிற இடுக்கில், பாதி மேலும் பாதி கீழுமாக ஒட்டிவிட்டேன். மூடியைத் திறந்தால் பொட்டுக் கிழியும் அல்லது கழலும். அடுத்த நாள் காலை பார்த்தேன். பொட்டு அப்படியே இருந்தது. கார் அன்றைக்கு நிற்கவில்லை, ஆனால் மூன்றாவது வீட்டு வாசலில் சாவியைத் திருப்பியபோது களைத்துப்போய் முனகிக்கொண்டுதான் எழும்பியது. பொட்டைக் கண்டு, கவனமாகக் கழற்றித் திரும்ப ஒட்டியிருப்பாரோ என்று யோசித்தேன். அப்படியெல்லாம் யோசிக்கிற ஆள்தான் நான்.

இதற்கு நடுவில் பிள்ளையார் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றியும் சொல்லவேண்டும்.

நான் வேலையில் சேருவதற்கு முந்தின கிழமை என் மனுசன் காரைக் கழுவி, ஊன்ட்றொப் பகுதியில் இருக்கிற அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வித்தார். புதுக் காருக்குத்தான் செய்வார்கள். "வேலைக்குப் போற கார்தானே, புதுசு மாதிரித்தான்," என்று ஐயரிடம் சொல்லிச் சமாளித்தார். ரயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து முடித்த பிறகு, அந்த வருசத் திருவிழாக் கடையில் வாங்கி வைத்திருந்த ஒரு பிள்ளையாரை எடுத்தார். உள்ளங்கையளவு, கண்ணாடி மாதிரிப் பிளாஸ்ரிக், உள்ளே மின்சாரம் கொடுத்தால் தலையைச் சுற்றிப் பச்சை ஒளி வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க டாஷ்போட்டுக்குக் கீழே தலையைக் கொடுத்துப் படுத்துக்கிடந்து அதைப் பூட்டினார். சாவியைத் திருப்பினால் பிள்ளையார் எரிவார். சாவியை எடுத்தால் அணைவார். "பற்றரியும் வீணாகாது, நீயும் நிப்பாட்ட மறக்கமாட்டாய்," என்றார்.

வேலைக்குப் போகவேண்டாம் என்கிற மனுசன் காருக்கு ஏன் பிள்ளையார் பூட்டுகிறார்? எனக்கு அதிலும் சந்தேகம். மனச்சாட்சிக்குச் செய்கிற பரிகாரம் என்று நினைத்தேன்.

ஆனால் பிள்ளையார் என் பக்கம் நின்றார். ஒருநாள் என் மனுசன் தானாகவே சொன்னார்: "உந்தப் பிள்ளையார் எனக்கு எரியிறாரில்லை. சாவி போடேக்கை எரியிறார், ஓடத் தொடங்கினதும் அணைஞ்சிடுறார். எங்கையோ வயர் லூசாக் கிடக்கு." எனக்கு அணைந்ததே கிடையாது. காலையில் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் பச்சைப் பசேலென்று எரிந்துகொண்டே வருவார். மழையில், இருட்டில், சிவப்புச் சிக்னலில் நிற்கும்போது அந்த ஒளியைப் பார்த்தால் எனக்கு ஒரு தைரியம் வரும். அவருக்கு அணைகிறது, எனக்கு எரிகிறது. யாருடைய மனதில் கள்ளம் என்று பிள்ளையாருக்குத் தெரியாதா? நான் அதை என் மனுசனிடம் சொல்லவில்லை. மனதுக்குள் வைத்துக்கொண்டு கும்பிட்டேன்.

மூன்றாம்முறை நின்றது அந்த ஊசி போடுகிற அம்மாவின் வாசலுக்கு இரண்டு தெரு தள்ளி, சிக்னலில். பின்னால் வந்த கார்கள் எல்லாம் ஹோர்ன் அடித்தன. வந்து காரை எடுக்கச் சொல்லி என் மனுசனுக்குப் போன் பண்ணிவிட்டு, காரை அப்படியே விட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த அம்மா கதிரையில் சோர்ந்துபோய் இருந்தார். ஒன்றும் ஆகவில்லை, ஊசி போட்டேன், சாப்பிட்டார், என் கையைத் தட்டிக்கொடுத்தார். ஆனால் அவருடைய மகள் அலுவலகத்துக்கு முறைப்பாடு சொல்லிவிட்டார். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "உங்கள் வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நேரத்துக்கு வராத ஆளை நான் வைத்திருக்க முடியாது. இன்னொருமுறை நடந்தால் சோதனைக்காலத்தோடு முடித்துக்கொள்வோம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்கு வந்து அதை அப்படியே அவரிடம் சொன்னேன், சொல்லும்போது அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிற்பாட்டினார். "டைனமோவை மாத்துவம்," என்றார்.

"கராஜுக்குக் குடுப்பம்," என்றேன். அந்நிய ஆள் ஒருவர் பார்த்தால் உண்மை வெளியில் வரும் என்பது என் கணக்கு.

"டெர்மின் தரவே அவங்கள் ரெண்டு கிழமை எண்டுவாங்கள். நானே மாத்துறன். சனிக்கிழமை."

"நானும் வாறன்," என்றேன்.

சொந்தமாகக் கார் திருத்துகிறவர்களுக்கு இடமும் கருவிகளும் வாடகைக்குக் கொடுக்கிற ஒரு கொட்டகை எங்கள் ஊரின் தொழிற்சாலைப் பக்கம் இருக்கிறது. பழைய கார்களை உடைத்து விற்கிற இடத்தில் அவர் ஒரு டைனமோ தேடி எடுத்திருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். மூடியைத் திறக்கப்போனவர் குனிந்து, முந்தின இரவு நான் புதிதாக ஒட்டியிருந்த பொட்டைப் பார்த்தார். "இதென்ன, காருக்கும் பொட்டோ?" என்றார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, பொட்டை நகத்தால் சுரண்டித் தன் காற்சட்டையில் துடைத்தார்.

முதலில் பற்றரியின் கறுப்பு வயரைக் கழற்றி ஒதுக்கி வைத்தார். அது தொட்டுக்கொண்டிருந்தால் ஸ்பானர் பட்டாலே பொறி பறக்கும் என்றார். பெல்ற்றைத் தளர்த்தி எடுத்தார். பழைய டைனமோவின் பின்பக்கம் கையை விட்டு, றப்பர் மூடியை விலக்கி, ஒரு தடித்த வயரைக் கழற்றினார். பிறகு ஒரு மெல்லிய நீல வயரை. புதியதைப் பூட்டியபோது நான் கிட்டப் போய்க் குனிந்தேன்.

"இந்தத் தடிச்ச வயர் எங்கை போகுது?"

"பற்றரிக்கு. டைனமோ உண்டாக்கிற கறண்ட் முழுக்க இதாலைதான் போறது. இதை இறுக்கிப் பூட்டாட்டி எரிஞ்சுபோம்."

"நீல வயர்?"

"அது ஏதோ சின்னக் கொன்ட்ரோல் வயர். உள்ளுக்கை போகுது."

"இறுக்கிப் பூட்டுங்கோ," என்றேன்.

"பூட்டிறன் பொலிஸ்," என்றார்.

ஒவ்வொரு நட்டையும் அவர் இறுக்கிய பிறகு நான் விரலால் அசைத்துப் பார்த்தேன். பிறகு அவர் பெல்ற்றைப் போட்டு, கறுப்பு வயரைத் திரும்பப் பூட்டி, என் கையில் மீற்றரைத் தந்துவிட்டு உள்ளே ஏறினார். சாவியைத் திருப்பி, வழக்கம்போல ஒரு உறுமு. மீற்றர் பதினாலைத் தாண்டியது.

"எவ்வளவு?"

"பதினாலு."

"முடிஞ்சுது. கையைக் கழுவிக்கொண்டு வாறன்."

"நில்லுங்கோ. நான் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாக்கிறன்," என்றேன்.

இப்போது நான் உள்ளே, அவர் மீற்றரோடு வெளியே. ஓட்டுநர் பள்ளியில் படித்த மாதிரி, பெற்றோலை வீணாக்காமல், காலை மெல்ல வைத்து ஸ்டார்ட் பண்ணினேன். பிள்ளையார் பச்சையாக எரிந்தார்.

"எவ்வளவு?" என்று கேட்டேன்.

எட்டிப் பார்த்தேன். அவர் மீற்றரைத் தட்டிக்கொண்டிருந்தார். "பன்னிரண்டு," என்றார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீ என்ன செய்தனி?"

அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். என் முகத்தில் இத்தனை கிழமையாக இருந்தது இப்போது அவருடைய முகத்தில் இருந்தது. நான் என்னத்தைச் செய்வது, ஒரு சாவியைத் திருப்பினேன். மாறி மாறி ஏறினோம். அவர் ஏறினால் பதினாலு, நான் ஏறினால் பன்னிரண்டு. ஒரே காருக்கு முன்னால் இரண்டு பொலிசும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றோம்.

பக்கத்தில் ஒரு டொச்சுக்காரப் பெண், என் வயதிருக்கும், ஒரு பழைய பச்சை வானுக்குக் கீழே படுத்துக்கிடந்தார். அங்கிருந்தே, சாவியை மட்டும் ஒருமுறை திருப்பிவிட முடியுமா என்று என்னைக் கேட்டார். சண்டையிலிருந்து தப்பினால் போதும் என்று போய் ஏறினேன். திருப்பியவுடன் முன்னால் சிவப்பு லைற்றுகள் எரிந்தன. ஒன்று எண்ணெய்க்கு, ஒன்று கைப்பிரேக்குக்கு. நடுவில் பற்றரிப் படம் போட்ட ஒன்று. "இப்போது ஸ்டார்ட்," என்றார். ஸ்டார்ட் பண்ணினேன். பற்றரிப் படம் அணைந்தது.

எங்கள் காரில் அந்தப் படத்தைக் கடைசியாக எப்போது பார்த்தேன்? இறங்கி வந்து, எங்கள் காரின் சாவியை ஸ்டார்ட் பண்ணாமல் திருப்பினேன். எண்ணெய் எரிந்தது, கைப்பிரேக் எரிந்தது. நடுவில் இருட்டு. மேலே பிள்ளையார் ஜெகஜோதியாக எரிந்தார்.

"இஞ்சருங்கோ," என்றேன். "பிள்ளையாருக்கு எங்கையிருந்து கறண்ட் எடுத்தனீங்கள்?"

"சாவி போட்ட உடனை எரியிற ஒரு சிவப்பு லைற் இருந்தது," என்றார். "ஸ்டார்ட் பண்ணினதும் அணைஞ்சிடும், பல்ப்தான் பிழை எண்டு நினைச்சனான். ஒண்டுக்கும் உதவாத லைற். அந்த பல்பைக் கழட்டிப்போட்டு, அந்த வயரிலை பிள்ளையாரைக் குடுத்தனான். ஏன்?"

வானுக்குக் கீழே படுத்திருந்த பெண் எழுந்து வந்திருந்தார். நான் டொச்சில் விளக்கினேன். அவர் பிள்ளையாரைப் பார்த்தார், நீல வயரைப் பார்த்தார், சிரிக்கத் தொடங்கினார். "அவளுக்கு எரேகுங் கிடைக்கவில்லை," என்றார். லிஷ்ட்மஷீன் டொச்சில் பெண்பால். எரேகுங் என்றால், நின்று கிடக்கிற டைனமோவை எழுப்பக் கொடுக்கிற கொஞ்சக் கறண்ட். படுக்கையறையில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். என் மனுசனுக்கு அந்த இரண்டாவது அர்த்தம்தான் தெரியும். காது சிவந்து, என்னைக் கூட்டிக்கொண்டு தூரப் போகப் பார்த்தார்.

விஷயம் இதுதான். அந்த உதவாத சிவப்பு பல்புக்குள்ளால்தான் கறண்ட் நீல வயரில் போய் டைனமோவை எழுப்பவேண்டும். பிள்ளையாருக்குள் இருப்பது எறும்புக் கண்ணளவு பல்ப். அதற்குள்ளால் போகிற கறண்ட் டைனமோவை எழுப்பக் காணாது. காலை அமர்த்தி உறுமவைத்தால் டைனமோ வேகத்தில் தானாகவே எழும்பிவிடும். அவர் அப்படித்தான் ஓட்டுவார், அவுட்டோபானில் பற்றரியும் நிரம்பிவிடும். மேடு பள்ளம் இல்லாத எங்கள் ஊருக்குள் மெல்ல மெல்ல ஓட்டி, ஒவ்வொரு வாசலிலும் நிற்பாட்டுகிற எனக்கு அது எழும்பவேயில்லை. டைனமோ எழும்பினால் பிள்ளையார் அணைவார். எழும்பாவிட்டால் எரிவார். இத்தனை நாளும் பற்றரி நிரம்பவில்லை, கவனி, கவனி என்று பிள்ளையார் எனக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்தார். நான் அருள் என்று கும்பிட்டுக்கொண்டு ஓட்டினேன்.

கழற்றிய பல்ப் காருக்குள் சாம்பல் தட்டில்தான் கிடந்தது. அவரே திரும்பப் பூட்டினார். பிள்ளையாருக்குச் சிகரெட் பற்றவைக்கிற துளையிலிருந்து தனியாக வயர் கொடுத்தார். நான் ஏறி, காலை மெல்ல வைத்து ஸ்டார்ட் பண்ணினேன். சிவப்பு லைற் எரிந்து அணைந்தது. "பதினாலு!" என்று அவர் கத்தினார். வான்காரப் பெண் கை தட்டினார். அதன் பிறகு அந்தக் கார் என்னை எங்கேயும் நிறுத்தவில்லை, நத்தாருக்கு முன்னால் வேலையும் நிரந்தரமானது. பழைய டைனமோவில் ஒரு பிழையும் இல்லை, அது இன்றைக்கும் எங்கள் நிலவறையில் கிடக்கிறது.

ஆனால் அந்தச் சனிக்கிழமை அத்தோடு முடியவில்லை. காரைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து, அவர் பக்கத்தில் ஏறிப் பெல்ற் போடும்வரை நிறுத்தினேன். நான்தான் ஓட்டுகிற இடத்தில் இருந்தேன். மனம் அவ்வளவு லேசாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே சொன்னேன்: "நீங்கள்தான் வேணுமெண்டு காரைக் குழப்பிறியள் எண்டு நினைச்சனான்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். உனக்கு விசர் என்பார், பொலிஸ் என்பார், நானும் சேர்ந்து சிரிப்பேன். அவர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வேணுமெண்டு ஒண்டும் செய்யேல்லை," என்றார்.

"அது தெரியும். இப்ப தெரியும்."

"ஆனா கார் நிண்ட நேரமெல்லாம் எனக்குச் சந்தோசமா இருந்தது."

எனக்குச் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது.

"உன்ரை வேலை போகவேணும் எண்டில்லை," என்றார். "நீ போன் எடுத்து, இஞ்சருங்கோ, என்ன செய்யிறது எண்டு கேப்பாய். நான் வாறன் எண்டு சொல்லுவன். நீ ஒண்டுக்கும் என்னைக் கேட்டுக் கனகாலம். டொக்டரோ, பள்ளிக்கூடமோ, எதெண்டாலும் நீயே கதைக்கிறாய். கார் நிண்டால் மட்டும்தான் என்னைக் கேட்டனி."

கோபம் வந்தது. நான் மழையில் நின்று, ஊசிக்குக் காத்திருக்கிற கிழவியை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தபோது, போனின் மற்ற முனையில் இந்த மனுசன் சந்தோஷப்பட்டிருக்கிறார். முகத்தைப் பார்க்காமலே என் மூக்கு அதை மணந்திருக்கிறது, இடம்தான் பிழை. டைனமோவில் தேடினேன். என் சந்தேகம் சரியாக இருந்ததற்காக எனக்கு ஒரு திருப்தியும் வரவில்லை. அதேநேரம், தலையால் தண்ணீர் வடிய, அந்தப் பெட்டியை முதுகில் சுமந்துகொண்டு சைக்கிளை மிதித்து வந்ததும் இதே மனுசன்தான். அந்த வேகத்தில் எனக்கு வேறு யார் வந்திருக்கிறார்கள்? எனக்கு அழவேண்டும் போல இருந்தது. அவரை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது.

"கோவமோ?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன்.

அவர் தலையாட்டினார். நான் காரை நகர்த்தி, கொட்டகை வாசலில், பெருந்தெருவில் ஏறுகிற இடத்தில் நிறுத்தினேன். இரண்டு பக்கமும் வாகனம் இல்லை. இந்தத் தெருவால்தான் நான் ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகிறேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் வீட்டுக்குப் போய்ச் சேருவேன்.

"எந்தப் பக்கத்தாலை போறது?" என்று கேட்டேன்.

அவர் திரும்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "உனக்கு வழி தெரியாதோ?"

"தெரியாது," என்றேன்.

அவர் நம்பவில்லை. ஆனாலும் விரலால் காட்டி, "வலத்தாலை எடு," என்றார்.